கை தூக்க ஏலாததெல்லாம் ஃப்ரோசன் ஷோல்டர் இல்லை

போன புதன்கிழமை வந்தவர் கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமி வேலை பார்ப்பவர். வயது 58. (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பதினான்கு மாதங்களுக்கு முன் பம்பாய் வெங்காய மூட்டையோடு லொறியிலிருந்து பின்பக்கமாக விழுந்திருக்கிறார். விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறார். அன்றிலிருந்து கை மேலே போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் எண்ணெய் பூசி உருவினார்கள், பத்துப் போட்டார்கள். செனல் பண்ணி (தனியார் டொக்டரிடம் முன்பதிவு செய்து) போன இரண்டு இடத்திலும் ஆளுக்கொரு ஊசி. கடைசியில் பிசியோதெரபிஸ்டான என்னிடம் அனுப்பிய துண்டில் "ஃப்ரோசன் ஷோல்டர், பிசியோ" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

கட்டிலில் உட்கார வைத்து, அவருடைய கையை என் கையில் வாங்கி மெல்ல மேலே கொண்டு போனேன். எந்த இறுக்கமும் இல்லாமல் காது வரை போனது. "இப்ப நான் விடப் போறேன் அண்ணன், நீங்க அப்படியே பிடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு விட்டேன். கை பொத்தென்று தொடையில் விழுந்தது. "ஏலாது மிஸ்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். முதுகுப் பக்கம் போய் தோள்பட்டை எலும்பில் விரல் வைத்துப் பார்த்தேன். இடது பக்கத்தில் சதை நிறைந்திருந்த இடம் வலது பக்கத்தில் குழிந்து கிடந்தது.

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஃப்ரோசன் ஷோல்டர் என்பது தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து, சுருங்கி, இறுகிப் போவது. அந்தத் தோளை யார் தூக்கினாலும் போகாது. நீங்களாகத் தூக்கினாலும் நான் பிடித்துத் தூக்கினாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் அதுவும் வராது. தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்த தோள் வேறு மாதிரி. நான் தூக்கினால் போகும், நீங்களாகத் தூக்கினால் போகாது. கதவு துருப்பிடித்து இறுகிக் கிடப்பது ஒன்று. கதவு நன்றாக அசைகிறது, இழுக்கிற கயிறு அறுந்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்தறிய அரை நிமிடம் போதும், மெஷின் எதுவும் வேண்டாம். பழைய கிழிசலோடு இறுக்கமும் சேர்ந்து வரும் தோள்கள் உண்டு, அவை எங்களுக்கே குழப்பம் தரும். அந்த நாட்டாமி அண்ணனின் தோளில் அப்படி ஒரு குழப்பமும் இருக்கவில்லை. பதினான்கு மாதத்தில் ஒருவர்கூட அவருடைய கையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சுகர் உள்ளவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் அதிகம் வரும் என்பது உண்மை. கொழும்பில் சுகர் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். அதனால் சுகரும் தோள் வலியும் சேர்ந்து வந்தால் வாசலிலேயே முத்திரை குத்திவிடுகிறார்கள். சுகர்காரர் லொறியிலிருந்து விழமாட்டாரா? 100ஆம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது சாரதி பிரேக் அடித்தால் சுகர்காரரின் தோள் மட்டும் இழுபடாதா?

இதில் இவ்வளவு கோபப்பட ஒரு காரணம் இருக்கிறது. ஃப்ரோசன் ஷோல்டருக்குப் பொறுமைதான் பாதி மருந்து. ஒரு வருடம், சிலருக்கு அதைவிடக் கூடுதலாக எடுத்தாலும் பெரும்பாலும் இளகி வரும். "பொறுங்கோ, போகும்" என்ற அறிவுரை அங்கே சரி. விழுந்து கிழிந்த தோளுக்கு அதே அறிவுரையைச் சொன்னால் தைக்கக்கூடிய காலம் கழிந்துவிடும்.

தோளைச் சுற்றி நான்கு சிறு தசைகள் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் கைப் பந்தை, அதாவது மேல்கை எலும்பின் உருண்டையான தலையை, ஒரு உறை மாதிரிப் பிடித்துத் தோள்பட்டை எலும்பின் கிண்ணத்தில் நிறுத்துகின்றன. ரொட்டேட்டர் கஃப் என்பது இதுதான். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தசைநாண்கள் முழுதாகக் கிழிந்தால், அல்லது கிழிசல் 5 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதைப் பெருங்கிழிசல் என்கிறோம். கிழிந்த தசைநாண் உள்ளே சுருங்கிப் போகும். வேலையில்லாத தசை மெலியும், அதற்குள் கொழுப்பு ஏறும். பிரான்ஸைச் சேர்ந்த குத்தாலியே என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் குழு 1994இல் இதை 0 முதல் 4 வரை தரம் பிரித்து வெளியிட்டது. தரம் 3 என்றால் தசையும் கொழுப்பும் சரிபாதி. 4 என்றால் கொழுப்பே கூட. அந்தக் கட்டத்தில் தசைநாணை இழுத்து எலும்பில் தைத்தாலும் பெரும்பாலும் நிற்காது. தைத்தது நின்றாலும் ஏறிய கொழுப்பு திரும்பி இறங்குவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் அந்த அண்ணனுக்கு இரண்டு தசைநாண்கள் இல்லை, தசை தரம் 3க்கும் 4க்கும் நடுவில். ஆறு வாரத்தில் வந்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்?

"அப்ப ஒண்டும் செய்யேலாதா?" என்று அவருடைய மகள் கேட்டா. கையில் ஃபோன். லண்டனில் இருக்கும் சித்தப்பா வீடியோ அனுப்பியிருக்கிறார், தோளுக்குள் பலூன் வைக்கிறார்களாம்.

இந்த பலூன் பேச்சு ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது வருகிறது. ஆகவே விவரமாகவே சொல்லிவிடுகிறேன். பலூன் உண்மையானதுதான். நுண்துளை வழியாக எலும்புக் கூரைக்கும் கைப் பந்துக்கும் இடையில் ஒரு பையை வைத்து உப்புநீரால் நிரப்புவார்கள். மாதக்கணக்கில் அது தானாகக் கரைந்துவிடும். பந்து மேலே ஏறி உரசாமல் இருக்கும் என்பது எண்ணம். வைத்துக்கொண்டவர்கள் பலர் நல்ல சுகம் என்றார்கள். பிறகு பிரிட்டனில் 24 வைத்தியசாலைகள் சேர்ந்து முறையாகச் சோதித்தார்கள். தைக்க முடியாத கிழிசலுள்ள 117 பேர். எல்லோருக்கும் உள்ளே சுத்தம் செய்யும் அதே சத்திரசிகிச்சை. பாதிப்பேருக்கு மட்டும் கூடவே பலூன். யாருக்குப் பலூன் என்பதை சத்திரசிகிச்சை நடக்கும்போதே குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதித்தவருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து 48 புள்ளிகளுக்கான தோள் அளவீட்டில் (புள்ளி கூடினால் தோள் நல்லது) சுத்தம் மட்டும் செய்தவர்கள் 34.3, பலூன் வைத்தவர்கள் 30.3. ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2022இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பலூன் வைத்தவர்களும் முன்பைவிட நல்லாகத்தான் இருந்தார்கள். அவர்களை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் பலூன் அற்புதம் என்றே தெரியும். பக்கத்தில் பலூன் இல்லாதவர்களை நிறுத்திப் பார்த்தபோதுதான் கணக்குத் தெரிந்தது. சித்தப்பா அனுப்பும் வீடியோவில் அந்தப் பக்கத்து ஆள் ஒருநாளும் இருப்பதில்லை. நேர்மைக்கு இதையும் சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் 184 பேரிடம் பலூனைப் பகுதித் தையலோடு ஒப்பிட்ட ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன. எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பார்க்காமல் முடிவை மட்டும் வாசிக்கக் கூடாது.

வேறு வழிகளும் உண்டு. முதுகுத் தசை ஒன்றை எடுத்து இடம் மாற்றித் தைப்பதை 1988இல் சுவிட்சர்லாந்தின் கெர்பர் எழுதினார். ஜப்பானில் மிஹாத்தா என்பவர் தொடையிலிருந்து எடுத்த நாரை மூட்டின் மேல்பக்கம் பொருத்தி 2013இல் நல்ல முடிவுகளை வெளியிட்டார். இவை ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டியவை, செய்பவரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தவை. வயதானவர்களுக்கு, மூட்டும் தேய்ந்து கையும் எழாமல் போனால், தலைகீழ் செயற்கைத் தோள்மூட்டு இருக்கிறது. 1985இல் பிரான்ஸின் டிஜோனில் கிராமோன் வடிவமைத்தது. பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து. அறுந்த கயிறுகளை விட்டுவிட்டு வெளியே இருக்கும் பெரிய தோள் தசையே கையைத் தூக்கும்படி செய்கிற சாமர்த்தியம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்க ஏலாது. 58 வயதில் நாட்டாமி வேலை செய்பவருக்கு அதைப் போடலாமா என்று யோசிக்கும் டொக்டர் தயங்கினால், அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

தைத்தால் புதுத் தோள் கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. 2004இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் பெரிய கிழிசல்களையும் பெருங்கிழிசல்களையும் நுண்துளை முறையில் தைத்த 18 பேரை ஒரு வருடத்துக்குப் பின் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 17 பேருக்குத் தையல் மறுபடி விட்டிருந்தது. அப்படியிருந்தும் பெரும்பாலானோருக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. தையல் முறைகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனாலும் ஸ்கேன் ஒன்று சொல்லும், ஆள் ஒன்று சொல்வார் என்பதை நான் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடாதீர்கள், தயவுசெய்து. அறுபது தாண்டிய பலருடைய தோளில் வலியே இல்லாத கிழிசல் இருக்கும், தலை நரைப்பது மாதிரி. வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா ரிப்போர்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தா. "முழுக் கிழிசலாம் பிள்ளை." தலை இழுக்கிறா, உடுப்புக் காயப் போடுறா, கோயில் மணியையும் எட்டி அடிக்கிறா. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் நோ (வலி). அவ்வளவுதான். விழாமல் தானாக வந்த முழுக் கிழிசல் உள்ள 452 பேருக்கு அமெரிக்காவில் முதலில் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு வருடத்தில் சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அம்மாவுக்குப் பயிற்சிதான் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் திட்டினா, மூன்றாவது வாரம் வடை கொண்டு வந்தா.

ஆக, விழுந்து கை எழாமல் போனவரும், வயதோடு மெல்ல வலி வந்தவரும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. முதலாமவர் அவசரம். நாற்பது தாண்டியவருக்குத் தோள் கழன்று, திரும்பப் போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரமாகக் கை எழவில்லை என்றால் அதுவும் அவசரம். எக்ஸ்ரே நல்லது என்று சொன்னால் எலும்பு நல்லது என்று மட்டும்தான் அர்த்தம், எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. விழுந்த தோளை உருவவோ இழுக்கவோ விடாதீர்கள், யார் எவ்வளவு கைராசிக்காரர் என்றாலும் சரி. வலிக்கு ஊசி போடுவது பாவமில்லை. ஆனால் காரணம் தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவது தசைநாணுக்குக் கேடு. சத்திரசிகிச்சைக்குக் கிட்டத்தில் போட்டால் கிருமி தொற்றும் அபாயமும் கூடும். சுகர்காரர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சுகர் ஏறும், அளந்து பாருங்கள். சிகரெட்டை விடுங்கள். புகைப்பவரின் தையல் ஆறுவது கஷ்டம்.

தைத்தவர்களுக்கு ஒரு கெஞ்சல். கைத்தொட்டிலை (கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் பட்டி) நாலு முதல் ஆறு வாரம் போடச் சொன்னால் போடுங்கள். "நோ இல்லை மிஸ், அதுதான் கழட்டினனான்" என்று சொல்லாதீர்கள். நோ குறைவது முதலில், தசைநாண் எலும்போடு ஒட்டுவது பிறகு. பாரம் தூக்க ஆறு மாதமாவது ஆகும். முதலாளிக்கு அதை விளங்கப்படுத்த வேண்டுமானால் கடிதம் எழுதித் தருகிறோம், கேளுங்கள்.

அந்த அண்ணனுக்கு இப்போது மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி நடக்கிறது. முதலில் கை நேராக மேலே, பாரம் இல்லாமல். பிறகு அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல். பிறகு தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கடைசியில் உட்கார்ந்து. மீதியிருக்கும் முன் தோள் தசையைப் பழக்குகிற வேலை. சராசரி வயது 80 ஆன 17 பேரிடம் இங்கிலாந்தில் செய்து பார்த்துப் பலன் கண்ட முறை இது. சின்ன ஆய்வுதான், பலூன் ஆய்வு மாதிரி பக்கத்து ஆளை வைத்துச் செய்ததும் அல்ல. ஆனால் செலவு ஒரு பாய். மூன்று மாதம் பார்த்துவிட்டு டொக்டரும் நானும் மறுபடி பேசுவோம்.

உங்கள் தோளோடு வரும்போது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, சீ.டி.யையும் கொண்டு வாருங்கள். எந்தெந்தத் தேதியில் என்ன ஊசி என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பொத்தான் வைத்த சட்டை போட்டு வாருங்கள். டீ-சேர்ட்டைக் கழற்றவே பத்து நிமிடம் போய்விடுகிறது.