"எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே, டாக்டர்"

குழந்தைக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்து வரும் தம்பதியரின் கோப்பைப் புரட்டினால், மனைவியின் ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே என்று பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. கணவரின் பெயரில் ஒரு தாள்கூட இருப்பதில்லை. கேட்டால், தனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்கிறார். இந்த வாரமும் அதே பதிலைக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சிறுநீர் எரிச்சல் இல்லை, சீழ் இல்லை, வலி இல்லை, தாம்பத்தியத்திலும் குறையில்லை, ஆகவே குழந்தைப்பேற்றைத் தடுக்கக்கூடிய கிருமித்தொற்றும் தனக்கு இல்லை என்பது பலர் போடும் கணக்கு. ஆனால் பாலுறவால் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்றிய ஆண்களில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. மைக்கோபிளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவும் அப்படியே ஓசையின்றித் தங்கக்கூடியது. விந்து பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதிடுபவர்களும் உண்டு. விந்துத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரப்பதால், ஒரு விந்தணுகூட இல்லாத விந்தும் வெறும் கண்ணுக்குச் சாதாரணமாகவே தெரியும். இன்னும் சிலர், முன்பு செய்த சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஒன்றும் வளரவில்லை என்று அந்த அறிக்கையை நீட்டுகிறார்கள். கிளமிடியா உடலின் செல்லுக்குள்ளேயே வாழ்ந்து பெருகும் கிருமி என்பதால் வழக்கமான கல்ச்சரில் அது வளரவே வளராது. முதலில் வெளிவரும் சிறுநீரில் அதன் மரபணுவைத் தேடும் பரிசோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இத்தகைய கிருமிகள் உண்டாக்கும் அழற்சியால் விந்தணுவின் நகர்திறன் குறையலாம், அதன் மரபணு இழைகள் சிதையலாம், விந்துப்பாதை அடைபடவும் கூடும். விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 லட்சத்துக்கு மேல் வெள்ளணுக்கள் இருந்தால் நாங்கள் அழற்சியைச் சந்தேகிக்கிறோம். ஆனால் அறிக்கையில் உள்ள வட்டச் செல்கள் எல்லாமே வெள்ளணுக்கள் அல்ல, முதிராத விந்தணுக்களும் அப்படியே தோன்றும். தனிச் சாயமிட்டுப் பிரித்துப் பார்க்காமல் 'சீழ்' என்று எழுதி அனுப்பும் ஆய்வக நண்பர்கள் இதைச் சற்று மனத்தில் கொள்ள வேண்டும். கல்ச்சரில் ஏதோ வளர்ந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் எழுதுவதும் தவறு, ஏனெனில் யூரியாபிளாஸ்மா என்ற பாக்டீரியா நலமாக உள்ள ஆண்களிடமும் காணப்படுகிறது, தோலிலுள்ள கிருமிகளும் மாதிரியில் கலந்துவிடுகின்றன.

ஆகவே மனைவிக்குச் சோதனை தொடங்கும் அன்றே கணவரும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்து, கையையும் உறுப்பையும் நன்றாகக் கழுவிய பிறகு மாதிரி கொடுங்கள். நண்பருக்குக் குணம் தந்த மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். அரைகுறை மருந்து பரிசோதனை முடிவையும் குழப்பிவிடும். சிகிச்சை முடிந்த மறுவாரமே விந்தணு எண்ணிக்கை கூடவில்லை என்று பதறவும் வேண்டாம். ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகிறது, ஆகையால் மூன்று மாதம் கழித்துச் செய்யும் மறுபரிசோதனைதான் பொருளுடையது.

பாலுறவால் பரவும் கிருமி என்று உறுதியானால், இருவரும் ஒரே காலத்தில் மருந்து சாப்பிட வேண்டும், அது முடியும்வரை உறவு கூடாது. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் கிருமி மற்றவரிடமிருந்து திரும்பி வரும். கணவரிடம் சத்தமின்றி இருந்த அதே கிளமிடியா மனைவியின் கருக்குழாயை அடைத்துவிடவும் கூடும். பழைய உறவுகளைப் பற்றி மனைவி முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எங்களுக்கு வேண்டியது தகவல் மட்டும்தான், தயவுசெய்து அதை மறைக்காதீர்கள்.