சீதன உறுதியில் விட்டுப்போகும் ஒரு வரி

திருகோணமலையில் மகள் கலியாணம் முடித்து வேறு வீடு போவது குறைவு. மருமகன்தான் வருவார். வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, அப்பாவும் அம்மாவும் முன்னறையிலோ பின்பக்கத்துச் சாய்ப்பிலோ இருந்துகொள்வார்கள். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதும் அவர்கள்தான். கிழக்கில் காலங்காலமாக இப்படித்தான், இதில் பிழை ஒன்றுமில்லை. நொத்தாரிசாக நான் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை உறுதியில் எழுதாமல் விட்ட ஒரு வரியால் வருபவை.

அந்த வரி சீவிய உரித்து. தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அதன் பயனை அனுபவிக்கவும் உரித்துடையவர்கள் என்று நன்கொடை உறுதியிலேயே எழுதிவிடலாம். வீடு மகளுக்குத்தான். ஆனால் மகளோ, நாளைக்கு அவளிடம் வாங்குகிறவரோ உங்களை எழுப்ப முடியாது.

இதைச் சொன்னதும் மேசைக்கு முன்னால் இருக்கும் அம்மா மகளின் முகத்தைப் பார்ப்பார். “என்ட பிள்ளை என்னைத் துரத்துமா?” மருமகன் போனை நோண்டிக்கொண்டிருப்பார். கடைசியில், “வேண்டாம் சேர், அப்படியே எழுதுங்கோ.”

பிள்ளை துரத்தாது, சரி. வங்கி? மருமகனின் கடைக்கென்று வீட்டை ஈடு வைத்துத் தவணை தவறினால் ஏலம் கூறுகிறவர் அம்மாவின் முகம் பார்ப்பாரா? மகள் உங்களுக்கு முந்திக் கண்மூடினால், மரணசாசனம் இல்லாதபோது, பொதுச் சட்டப்படி பாதி கணவருக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். அவர் மறுமணம் செய்தால் அந்த முன்னறை யாருக்கு?

கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். மீளப்பெற முடியாத நன்கொடையென்றால், பெற்றவர் பாரதூரமான நன்றிகேடு செய்தார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முகத்தைத் திருப்பினாள், சோறு பிந்திப் போட்டாள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

சாப்பாட்டுக்கும் மருந்துக்குமே வழியில்லாத பெற்றோருக்கு வேறு பாதை உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ், தங்களைத் தாங்களே பராமரிக்க முடியாதவர்கள் பிள்ளைகளிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வீட்டை எழுதிக் கொடுத்தது இதற்குத் தடையில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகன்மாருக்கும் ஒரு சொல். கட்டாரிலிருந்து காசு அனுப்பி, அக்காவின் பெயரில் உள்ள வளவில் மாடி எழுப்புகிறீர்கள். கட்டடம் நிலத்தோடு சேர்ந்தது. பிறகு கோபம் வந்தால், போட்ட செலவுக்கு நட்டஈடு கேட்டு அலையலாமே தவிர, மாடி உங்களுடையதாகாது. கல் அடுக்க முதல் அக்காவோடு பேசி, மாடிக்கு என்ன ஏற்பாடு என்பதை நொத்தாரிசு முன்னால் எழுதிக்கொள்ளுங்கள். தம்பி கணக்குப் பார்க்கிறான் என்று அவர் கொஞ்சம் முறைப்பார். முறைக்கட்டும்.

கந்தளாய், மூதூர்ப் பக்கம் அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசாங்கம் பத்திரம் கொடுத்து இருக்கவிட்ட காணி, வைத்திருப்பவர்கள் நேரே நொத்தாரிசிடம் வரவேண்டாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான காணியை முன்னனுமதி இல்லாமல் எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய், பின்னுரித்தாளராக, அதாவது உங்களுக்குப் பிறகு காணி சேரவேண்டியவராக, யாரின் பெயர் பதிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் இறந்துபோனவரின் பெயர் இன்னும் அப்படியே கிடக்கிறது.