ஒரே மாதிரி இரண்டு வரிகள்

கணினி அறிவியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற திறமூல மறைகுறியாக்க நூலகங்களில் இருபது வருடத்துப் பழைய நிரல் மலைபோல் கிடக்கிறது என்கிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால், உட்கார்ந்து சுத்தம் செய்துவிட வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. (நூலகம் என்பது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் தயார் நிரல்.) செய்தும் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு நடந்த ஒரு சுத்தம், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகளை உலகம் முழுக்கத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்க வைத்தது.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு கணினிகள் பேசுவதை மறைக்கச் சாவி வேண்டும். சாவி, யாராலும் ஊகிக்க முடியாத ரேண்டம் எண்ணிலிருந்து பிறக்க வேண்டும். கணினியோ சொன்னதைச் சொன்னபடி செய்கிற இயந்திரம். ஊகிக்க முடியாததை அதனிடம் எப்படி வாங்குவது?

அன்றைய ஓப்பன்எஸ்எஸ்எல் இதற்காக நினைவகத்தில் 1,023 பைட் அளவில் ஒரு தொட்டி வைத்திருந்தது. இரண்டு செயல்கூறுகள் அதைக் கையாண்டன. முதலாவதைச் 'சேர்' என்று வைத்துக்கொள்வோம். வன்பொருள் சமிக்ஞைகள் வந்த நேரம், விசை தட்டிய இடைவெளி போன்றவற்றிலிருந்து இயங்குதளம் திரட்டித் தரும் பைட்டுகளை இது வாங்கி, 20 பைட்டாக எடுத்து, தொட்டியில் இருப்பதோடு சேர்த்து ஷா-1 ஹாஷில் (எதைப் போட்டாலும் 20 பைட் கலவையாக்கித் தரும் கணக்கு) அரைத்து, மறுபடி தொட்டியிலேயே கலக்கும். இரண்டாவது 'கொடு'. தொட்டியில் இருப்பதை இன்னொரு முறை அரைத்து, கேட்டவருக்கு ரேண்டம் பைட்டுகளைத் தரும்.

கொடுக்கும்போது இரண்டு பொருள்களைக் கூடுதலாகப் போட்டு அரைக்கும். ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு, அதாவது ப்ராசஸுக்கு, இயங்குதளம் தரும் எண். மற்றது, பைட்டுகளை வாங்க வந்தவர் நீட்டிய பஃபரில் (பைட்டுகளைப் போட்டு வைக்கும் தற்காலிக நினைவக இடம்) ஏற்கெனவே என்ன கிடக்கிறதோ அது. முன்பு யாரோ பயன்படுத்திவிட்டுப் போன மிச்சம். உதவினால் லாபம், உதவாவிட்டால் நட்டமில்லை என்ற எண்ணம்.

வேல்கிரைண்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. மதிப்பு எதுவும் எழுதாத நினைவகத்தில் கிடப்பதை நம்பி ஒரு நிரல் முடிவெடுத்தால் கத்தும். அன்றைய ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் நிரலை இதில் ஓட்டினால் எச்சரிக்கை கொட்டும். தன் நிரலில் உள்ள உண்மையான பிழையை அதற்குள் தேடுவது பெரும்பாடு. டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பைப் பராமரித்தவர் மூலத்தைத் தேடிப் போனார். புகார் இரண்டு வரிகளில் போய் நின்றது. 'சேர்'-க்குள் ஒன்று, 'கொடு'-வுக்குள் ஒன்று. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே: பஃபரில் இருப்பதை ஹாஷுக்குள் போடு. ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவிடமும் அவர் கேட்டார். பிழை தேட உதவும் என்றால் எடுத்துவிடலாம் என்கிற மாதிரி பதில் வந்தது. சரி என்று இரண்டையும் எடுத்துவிட்டார்.

'கொடு'-வில் எடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. அது மிச்சத்தைக் கிளறும் வரி. ஆனால் 'சேர்'-இல் இருந்த வரிதான் வெளியிலிருந்து வரும் அத்தனை பைட்டுகளும் உள்ளே நுழையும் ஒரே வாசல். சில இடங்களில் பாதி நிரம்பிய பஃபரைக் கொடுத்துவிட்டு முழு அளவையும் சொல்லியிருந்தார்கள். அங்கே வேல்கிரைண்ட் கத்தியது அதற்காக.

வரி போன பிறகு நடந்ததுதான் அழகு. 'சேர்' வழக்கம்போல ஓடியது. வாங்கியது, அரைத்தது, கலந்தது, இத்தனை பிட் ரேண்டம் வந்து சேர்ந்தது என்று கணக்கும் எழுதிக்கொண்டது. வாங்கியது மட்டும் உள்ளே போகவில்லை! முறைக்கு முறை மாறக்கூடியதாக மிஞ்சியது ப்ராசஸ் எண் ஒன்றுதான். லினக்ஸில் அதன் வழக்கமான உச்சவரம்பு 32,768. ஆக, ஒரே வகைச் செயலியில், ஒரே நீளத்தில், எத்தனை லட்சம் பேர் சாவி உருவாக்கினாலும் முப்பத்திரண்டாயிரம் சொச்சம் சாவிகளில் ஒன்றுதான் கிடைக்கும். 2,048 பிட் சாவியாக இருந்தாலும் சரி, அதேதான். அத்தனையையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது பெரிய வேலையே இல்லை.

இந்த மாற்றம் 2006 செப்டம்பரில் டெபியனுக்குள் வந்தது. டெபியன் உருவாக்குநர் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13-இல் வெளியே அறிவிக்கப்பட்டது. இடையில், டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவுக்கும் பரவியிருந்தது. அவ்வளவு காலம் ஏன் தெரியவில்லை? மிக்ஸியில் எதைப் போட்டு அரைத்தாலும் விழுதாகத்தான் வரும். ஷா-1-க்குள் வெறும் ப்ராசஸ் எண் போனாலும் வெளியே வருவது அப்பழுக்கற்ற ரேண்டம் பைட்டுகள் போலவே இருக்கும். புள்ளியியல் சோதனை எதை வைத்தாலும் தேறும். ஒரு சாவியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குறை தெரியாது. இன்னொருவரிடமும் அதே சாவி இருப்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

நிரலாளர்களிடையே "ஓடுறதைத் தொடாதே" என்று ஒரு வேதவாக்கு உண்டு. டெபியன் கதையை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அது ராகு காலம் பார்ப்பது போன்ற இன்னொரு மூடநம்பிக்கை. கவனிக்க ஆளில்லாமல் விட்டதால் வந்த வினைக்கும் இதே நூலகத்தில் சான்று இருக்கிறது.

2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எதிர்முனை அனுப்பியதாகச் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காததால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அப்போது ஓப்பன்எஸ்எஸ்எல் அறக்கட்டளைக்கு வருட நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேர ஊழியர் ஒருவர். உலகத்து இணையப் பரிவர்த்தனைகளைத் தலையில் சுமக்கும் நிரலுக்கு இது! புது வசதி சேர்க்கப் பணம் தருகிறவர்கள், பழையதை நீக்கத் தருவதில்லை. இந்த ஓட்டை இருந்த ஹார்ட்பீட் என்ற பகுதியும் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது) 2012-இல் சேர்ந்த புது வசதிதான்.

ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழு பொறுமையிழந்து, நூலகத்தை நகலெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்று தனியே பிரித்து வெட்டத் தொடங்கியது. முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகள் போயின. விஎம்எஸ், பழைய மேக், 16 பிட் விண்டோஸ் ஆகிய இயங்குதளங்களுக்கான நிரலெல்லாம் அதில் அடக்கம். யாருக்கும் காட்டக்கூடாத ஆர்எஸ்ஏ தனிச்சாவியையே ரேண்டம் தொட்டிக்குள் ஊற்றும் ஒரு வழக்கத்தையும் கண்டு, பதறி நிறுத்தினார்கள். அதை நிறுத்தாமல் எப்படி இருக்க முடியும்?

இன்னொன்றையும் காலி செய்தார்கள். தொட்டியை மறுபடி நிரப்பச் சொல்லும் ரேண்ட்_போல் என்ற செயல்கூறு. ரேண்டம் தருவது இயங்குதளத்தின் வேலை, நூலகத்துக்கு எதற்கு என்று, கூப்பிட்டாலும் ஒன்றும் செய்யாத வெற்று உடலாக்கிவிட்டார்கள். ஓப்பன்பிஎஸ்டியில் அது சரி. 2014 ஜூலையில் லினக்ஸுக்கான முதல் பதிப்புகள் வந்ததும் மறுபடி ப்ராசஸ் எண் வந்து நின்றது. ஒரு ப்ராசஸ் பிள்ளையைப் பெற்றால் (தன் நகலையே புது ப்ராசஸாகத் தொடங்கினால்), இருவரிடமும் ஒரே தொட்டி. எண் மாறியதைப் பார்த்துத்தான் நூலகம் புதிதாக நிரப்பிக்கொள்ளும். தாத்தா ப்ராசஸ் முடிந்து, எண்கள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பேரனுக்கு அதே எண் அமைந்துவிட்டால்? இருவரும் ஒரே ரேண்டம் எண்ணை உருவாக்குவார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இப்படி ஆனால் ரேண்ட்_போலைக் கூப்பிட்டுத் தப்பிக்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

சில நாட்களிலேயே 2.0.2 பதிப்பில் சரிசெய்தார்கள். லினக்ஸில் ரேண்டம் வாங்க நம்பகமான ஒரே வழி வேண்டும் என்று அவர்கள் போட்ட சத்தத்தின் பலனாக, அந்த வருடமே லினக்ஸின் உட்கருவான கர்னலின் 3.17 பதிப்பில் கெட்ரேண்டம் என்ற அழைப்பு வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லும் 2018 செப்டம்பரில் 1.1.1 பதிப்பில் 1,023 பைட் தொட்டியை எடுத்துவிட்டு, ரேண்டம் பகுதியை முதலிலிருந்து எழுதியது.