குறுக்கு அட்டவணை: சொல்லும் பொருளும்

மதுரை வட்டாரக் கல்லூரிகளில் கள ஆய்வு செய்யும் மாணவர்கள் ‘கிராஸ்டேப் போட வேண்டும்’ என்பார்கள். கிராஸ் டேபுலேஷன் என்பதன் சுருக்கம் அது. கேள்வித்தாளின் இரண்டு கேள்விகளை எடுத்து, ஒன்றின் விடைகளைக் கிடைவரிசையிலும் மற்றதன் விடைகளை நெடுவரிசையிலும் நிறுத்தி, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை பேர் விழுகிறார்கள் என்று எண்ணுவதே இதன் வேலை.

டேபுலேஷனின் வேர் பலகையைக் குறிக்கும் ‘டாபுலா’ என்ற இலத்தீன் சொல். நம் ‘அட்டவணை’யோ மராத்தி வழியாக வந்தது; அங்கே அதன் உறவுச் சொல்லுக்கு நினைவு என்று பொருள். வேற்றுமொழிச் சொல் என்று இதைத் தள்ளி ‘குறுக்குப் பட்டியல்’ என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டியல் என்றால் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதுதான் நினைவுக்கு வருகிறது, கட்டங்கள் அல்ல. ‘இருவழி அட்டவணை’ நல்ல சொல்தான். ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று சேர்ந்துவிட்டால் அது பொருந்தாது. குறுக்கு அட்டவணையே நிற்கட்டும். புள்ளியியலார் இதற்கு வழங்கும் ‘கன்டின்ஜென்ஸி டேபிள்’ என்ற பெயர் 1904இல் கார்ல் பியர்சன் எழுதியதிலிருந்து வருகிறது.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகை பயிரிடும் 100 பேரிடம், பூச்சந்தைக் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினீர்களா என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். சிறு விவசாயிகள் 60 பேரில் 42 பேர் வாங்கியிருக்கிறார்கள். மற்ற 40 பேரில் 14 பேர். கிடைவரிசை விழுக்காடு பார்த்தால் சிறு விவசாயிகளில் 70% பேர் முன்பணம் வாங்கியவர்கள். நெடுவரிசை விழுக்காடு பார்த்தால் முன்பணம் வாங்கிய 56 பேரில் 75% பேர் சிறு விவசாயிகள். மொத்தத்தில் பார்த்தால் அதே 42 பேர் வெறும் 42%. கட்டம் ஒன்று, விழுக்காடு மூன்று! எதை எதனால் வகுத்தோம் என்று சொல்லாமல் ஆய்வேட்டில் ‘70%’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எதையும் புரிந்துகொள்ள முடியாது. அந்த விவசாயிகள் நேரம் ஒதுக்கிச் சொன்ன விடைக்கு அது நியாயமாகாது.

இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. தேடும்போது ‘இலவசம்’ என்பதைவிடக் ‘கட்டற்ற மென்பொருள்’, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள், என்று தேடுங்கள். சில நாள் மட்டும் ஓடும் சோதனைப் பதிப்புகளும் இலவசம் என்ற பெயரில் வருகின்றன. எஸ்பிஎஸ்எஸ் என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருளில் பழகியவர்களுக்கு, கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனூ திட்டத்தின் பிஎஸ்பிபி ஏற்றது. எஸ்பிஎஸ்எஸ்ஸின் ‘சாவ்’ என்ற தரவுக் கோப்புகளை அது திறக்கும். கட்டளையின் பெயரும் ‘கிராஸ்டேப்ஸ்’தான். மூன்று விழுக்காடுகளையும் கட்டத்துக்குள்ளேயே காட்டும், இரண்டு கேள்விகளின் விடைகளுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் ‘கை வர்க்க’ (கை-ஸ்கொயர்) சோதனையும் செய்யும். எண்ணிக்கையும் விழுக்காடும் போதுமென்றால் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் உள்ள பைவட் டேபிள் என்ற தொகுப்பு அட்டவணை வசதி போதும். சுட்டியால் தேர்ந்தெடுத்தே வேலையை முடிக்க விரும்புவோருக்கு ‘ஆர்’ என்ற புள்ளியியல் நிரல்மொழியின்மேல் கட்டப்பட்ட ஜமோவி இருக்கிறது.

எதில் செய்தாலும், கை வர்க்க மதிப்பை எழுதுமுன் கட்டங்களின் எதிர்பார்ப்பு எண்ணிக்கையை, அதாவது இரண்டு கேள்விகளுக்கும் தொடர்பே இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் விழ வேண்டிய எண்ணிக்கையைப் பாருங்கள். பல கட்டங்களில் அது 5க்குக் கீழே இருந்தால், பொருள் கெடாத அளவுக்கு விடை வகைகளை இணைக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு அட்டவணையானால் சிறிய எண்ணிக்கைக்கும் பொருந்தும் ஃபிஷர் சோதனையை நாடலாம்.