ஸ்கேனர் காட்டியதும் சென்சாரைக் கழற்றாதீர்கள்: கிராங்க், கேம் சென்சார் சோதனை

வண்டியின் கோளாறுக் கோடைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் பி0335 (P0335) வந்ததுமே கிராங்க் சென்சாரைக் கழற்றிப் புதிதாக மாட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தக் கோட் சொல்வது கிராங்க் சென்சார் 'சர்க்யூட்டில்' கோளாறு என்பதை மட்டும்தான். சர்க்யூட் என்றால் சென்சாரோடு ஒயர், கப்ளர் (ஒயரைச் சென்சாரில் மாட்டும் இணைப்பு), ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாமே அடக்கம். ஒயர் உரசிப்போனதற்குப் புது சென்சார் போட்டால் பணம் போகும், வண்டி மறுபடியும் நிற்கும்.

பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது கிராங்க் சென்சார். அது பார்ப்பது ஒரு பல்சக்கரத்தை. பரவலாக உள்ள ஒரு வகையில் 60 பல்லுக்கான இடத்தில் 58 பல்தான் இருக்கும். ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 6 டிகிரி. பல் இல்லாத அந்த இடைவெளிதான் ஈசியூவின் அடையாளக்கல். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சுழற்சி முடிய கிராங்க் 2 முறை சுற்ற வேண்டும். முதல் பிஸ்டன் மேலே வருவது கம்ப்ரஷனிலா, எக்ஸாஸ்டிலா என்று கிராங்க் சிக்னலை வைத்துச் சொல்ல முடியாது. வால்வுகளைத் திறக்கும், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றும் கேம் ஷாஃப்ட்டைப் பார்த்து அதைச் சொல்வது கேம் சென்சார். அதனால்தான் கேம் சிக்னல் போனாலும் பல வண்டிகள் நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகிவிடுகின்றன. கிராங்க் சிக்னல் போனால் பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் 0 என்றே நின்றால் முதல் சந்தேகம் கிராங்க் பக்கம் போக வேண்டும்.

கிராங்க் சென்சாரை மூன்று இடங்களில் தேடுங்கள்: முன்பக்கம் கிராங்க் புல்லிக்கு அருகில், பின்பக்கம் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கில், அல்லது பிளாக்கின் பக்கவாட்டில். பிளாக்கில் இருப்பது ஸ்டார்டர் மோட்டாருக்குப் பின்னால் மறைந்திருப்பதும் உண்டு. கேம் சென்சார் மேலே, சிலிண்டர் ஹெட்டின் ஓரத்திலோ வால்வ் கவரிலோ இருக்கும். இரண்டு கேம் உள்ள என்ஜினில் இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று இருக்கலாம். எதன் கோட் என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். அடியில் போவதானால் ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள்.

சோதனையைக் கப்ளரில் தொடங்குங்கள். உள்ளே ஆயில் கசிந்திருக்கிறதா, உலோகப் பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா, ஒயர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டுக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சென்சார் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2 ஒயர் என்றால் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. 3 ஒயர் என்றால் ஹால் வகையாக (உள்ளே மின்னணுச் சுற்று உள்ள, சப்ளை தேவைப்படும் வகை) இருக்கலாம். சுருள் வகையோடு ஷீல்டு ஒயர் (சிக்னலில் இரைச்சல் கலக்காமல் காக்கும் உறை) சேர்ந்து 3 ஆவதும் உண்டு. ஒயரிங் டயகிராமைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

சுருள் வகையில் ஓம் அளக்கலாம். பல சென்சார்களில் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை இருக்கும்; சரியான அளவை அந்த மாடலின் மேனுவலில் பாருங்கள். சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் இந்த அளவு ஏமாற்றிவிடும். உள்ளே விரிசல் விட்ட கம்பி, குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் வண்டி நின்ற கையோடு அளக்க வேண்டும். முடியாவிட்டால் கழற்றிய சென்சாரை ஹேர் டிரையரில் சூடாக்கி அளக்கலாம். ஓம் அளவு ஏறிக்கொண்டே போய் ஓப்பன் (இணைப்பு அறுந்தது) என்று காட்டினால் சென்சார் போய்விட்டது. ஹால் வகையில் ஓம் மீட்டரை வைக்கவே கூடாது. சாவி ஆன் செய்து சப்ளை (மாடலைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ட்), எர்த் இரண்டையும் பாருங்கள். பிறகு கப்ளரை மாட்டியபடியே, சாவியை ஆஃப் செய்துவிட்டு என்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சாவியை ஆன் செய்து சிக்னலை அளங்கள். அது மேலும் கீழும் மாற வேண்டும்.

கழற்றிய சென்சாரின் முனையைக் கவனியுங்கள். காந்தத்தில் இரும்புத்தூள் தாடிபோல ஒட்டியிருந்தால் சிக்னல் கெடும். துடைத்து மாட்டினாலே சரியாகிவிடலாம், ஆனால் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்று தேடியாக வேண்டும். பல் உடைந்திருக்கிறதா என்று சென்சார் துளை வழியாக டார்ச் அடித்து, கிராங்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். புதிய ஓ-ரிங்கில் சிறிது ஆயில் தடவிக் கையால் அழுத்தி உட்கார வையுங்கள், சுத்தியல் வேண்டாம். சில மாடல்களில் கிராங்க் சென்சார் மாற்றியதும் ஸ்கேனரில் ரீலேர்ன் (புது சென்சாரின் சிக்னலை ஈசியூவுக்குப் பழக்குவது) செய்ய வேண்டியிருக்கும்.

பி0016 (P0016) கோட் வந்தால் நிதானம் தேவை. கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அதன் பொருள். சென்சார்கள் நன்றாக இருந்தும் வரும். டைமிங் செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், விவிடி (வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) பழுதாகியிருக்கலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் கடகட சத்தமும் சேர்ந்து வந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். பல என்ஜின்களில் செயின் பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடித்துவிடும். ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, டைமிங் கவரைத் திறந்து செயினைச் சோதித்த பிறகே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.