பாய்லர்: கொதிக்காத கொதிகலன்

பாய்லர் ஆங்கிலச் சொல். கொதிக்க வைப்பதைக் குறிக்கும் அதன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘புல்லா’ என்றால் நீர்க்குமிழி. ‘புல்லீரே’ என்றால் குமிழியிடுதல். தண்ணீர் கொதிக்கும்போது கண்ணில் படுவது குமிழிதானே!

தமிழில் இதற்கு ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: கொதிகலன். கொதி + கலன் என்ற வினைத்தொகை. அதனால் நடுவில் ‘க்’ வராது; ‘கொதிக்கலன்’ என்று எழுதினால் பிழை. கலன் என்பது பாத்திரம். கலம் என்பதே கடைப்போலியாகக் கலன் ஆனது, நிலம் நிலன் ஆனதைப் போல.

ஆனால் குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க வைத்திருக்கும் கொதிகலனில் பெரும்பாலும் எதுவும் கொதிப்பதில்லை. நீராவியால் சூடேற்றும் அமைப்புகளில் உண்மையாகவே கொதிக்கும். மற்ற வீடுகளில் தண்ணீரை வழக்கமாக 80 டிகிரி செல்சியஸுக்குள் சூடாக்கி, குழாய் வழியே அறைகளுக்கு அனுப்புவதோடு சரி. அந்தத் தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், குளிக்க வராது. குளிக்கிற தண்ணீர் தனி வழியில் வந்து, வெப்பமாற்றியில் அதன் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகும்.

வெந்நீர் போதவில்லை என்ற புகார் இங்கேதான் தொடங்குகிறது. வீட்டுச் சூடு, குளியல் வெந்நீர் இரண்டையும் ஒரே கருவியே தரும் காம்பி பாய்லர் என்ற வகையில் சேமிப்புத் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்த பிறகுதான் தண்ணீர் சூடாகும். 24 கிலோவாட் கருவி, 5 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர்தான் தர முடியும். 15 டிகிரியில் வந்தால் கிட்டத்தட்ட 14 லிட்டர் கிடைக்கும். கோடையில் தாராளமாக வந்த வெந்நீர் குளிர்காலத்தில் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், கருவியில் பழுது அல்ல. இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்தால் அதே 10 லிட்டரைத்தான் பங்குபோட வேண்டும். இன்னொரு வேடிக்கை: வீட்டைச் சூடாக்க 10, 12 கிலோவாட் போதும் என்றாலும், குளியலுக்காகவே பெரிய கருவி வாங்க வேண்டியிருக்கும். உப்புத் தண்ணீர் என்றால் வெப்பமாற்றியில் படிவு சேர்ந்து வரத்து இன்னும் குறையும்.

காம்பிக்கு ‘இருபயன் கொதிகலன்’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை. சேமிப்பு வகைக்கு ‘வெந்நீர்த் தொட்டி’ போதும். (வெம்மை + நீர் = வெந்நீர்; ‘வென்னீர்’ அல்ல.) தொட்டித் தண்ணீரை 60 டிகிரியில் வைப்பது வழக்கம், மிதமான சூட்டில் தேங்கினால் லெஜியோனெல்லா கிருமி பெருகும். அந்தச் சூட்டில் 150 லிட்டர் இருந்தால், 10 டிகிரித் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் சுமார் 250 லிட்டர் வரை கிடைக்கும். அது தீர்ந்துவிட்டால் மறுபடி சூடேறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.