மண்ணுயிர்ப் பல்வகைமை: 'பெருக்கம்' ஏன் பொருந்தாது

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டைக்கு அருகே ஓர் ஊரில் உலக மண் நாளையொட்டி நடந்த கூட்டத்தில், 'மண்ணின் பல்லுயிர்ப் பெருக்கத்தைப் பாதுகாப்போம்' என்ற பதாகையைப் படித்துவிட்டுத் தக்காளி விவசாயி ஒருவர் எழுந்தார். "நூற்புழு பெருகித்தானே சார் தோட்டமே போச்சு, இன்னும் எதைப் பெருக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். மண்ணில் வாழும் நுண்ணிய புழுக்களே நூற்புழுக்கள், அவற்றில் சில வேரைத் தாக்கும். மேடையிலிருந்து சரியான பதில் வரவில்லை. அவர் பதாகையைத் தவறாகப் படிக்கவில்லை. அதில் எழுதியிருந்த தமிழுக்கு அதுதான் பொருள்.

'பல்லுயிர்ப் பெருக்கம்' என்பதன் ஆங்கில மூலச் சொல்லான 'பயோடைவர்சிட்டி' மிக இளையது. 1986இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டுக்காக அமெரிக்க உயிரியலாளர் வால்டர் ரோசன் 'பயாலஜிக்கல் டைவர்சிட்டி' என்பதைச் சுருக்கி உருவாக்கினார். 1988இல் உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பு அதைப் பரப்பியது. பின்பாதி, 'வெவ்வேறு திசையில் திரும்பிய' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கூடுவதோ வளர்வதோ அதில் எங்குமில்லை.

தமிழில் 'பெருக்கம்' என்பது பெருகு என்னும் வினையடியாகப் பிறந்தது. அளவு மிகுவதையே அது குறிக்கும். 'பெருக்கத்து வேண்டும் பணிதல்' என்ற குறளில் அதற்கு எதிராக வள்ளுவர் வைத்த சொல் 'சுருக்கம்'. ஒரு சொல்லை ஆக்குவோர் அதன் எதிர்ச்சொல்லையும் கேட்டுப் பார்க்க வேண்டாமா? உயிர்கள் பலவகையாக இருக்கும் நிலைக்கு எதிர்நிலை எண்ணிக்கை குறைவது அன்று, எல்லாம் ஒரே வகையாகிப்போவதே. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளிக்குப் பின் தக்காளியே போடும் நிலத்தில் நடப்பது இதுதான். நல்ல மண்ணில் பாக்டீரியாவைத் தின்னும் நூற்புழு, பூஞ்சையைத் தின்னும் நூற்புழு, பிற நூற்புழுக்களை வேட்டையாடும் நூற்புழு எனப் பல வகைகள் சேர்ந்து வாழும். ஒரே பயிர் தொடரும்போது வேர்முடிச்சு நூற்புழு மட்டும் ஓங்குகிறது. அங்கே பெருக்கம் இருக்கிறது, பல்வகைமை போய்விட்டது. இடையில் ஒரு பருவம் செண்டுமல்லி வைத்தால் வேர்முடிச்சு குறையும் என்பதை அறிந்த விவசாயியிடம் போய் 'பெருக்கத்தைப் பாதுகாப்போம்' என்றால் அவர் வேறென்ன கேட்பார்?

மதிப்பிடும் முறைகளைப் பார்த்தாலும் இந்தச் சொல் நிற்காது. 25 சென்டிமீட்டர் சதுரமாக, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை வெட்டியெடுத்து, மண்புழு, மரவட்டை, கரையான், பிள்ளைப்பூச்சி என்று பிரித்து எண்ணுகிறார்கள். புனலில் மண்ணை இட்டு மேலே விளக்கை எரியவிட்டால், சூட்டுக்கும் உலர்வுக்கும் விலகிக் கீழே இறங்கும் சிற்றுயிர்கள் குப்பியில் சேர்கின்றன. இவ்வாறு கிடைத்த எண்களிலிருந்து கணக்கிடும் ஷானன் குறியீடு, வகைகள் எத்தனை என்பதோடு அவை எவ்வளவு சமமாகப் பரவியுள்ளன என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. ஒரே வகை ஆயிரமாகப் பெருகினால் குறியீடு ஏறாது, இறங்கும். நம் விவசாயிகள் கையில் வைத்திருக்கும் மண்வள அட்டையோ 12 அளவீடுகளைத் தருகிறது. தழைச்சத்து முதல் போரான் வரை உள்ள அந்தப் பட்டியலில் உயிரினம் ஒன்றுகூட எண்ணப்படுவதில்லை.

'உயிரியல் பன்முகத்தன்மை' என்பது இன்னொரு வழக்கு. ஒரே பொருளுக்குப் பல முகங்கள் இருந்தால் அது பன்முகம். இங்கே இருப்பவை பல பொருள்கள். உயிரியல் என்பதும் ஒரு படிப்பின் பெயர். மண்ணில் வாழ்வது உயிர், உயிரியல் அன்று. 'உயிர்ப்பன்மை' இவற்றைவிட மிக நல்ல சொல், சுருக்கமும் உண்டு. எதிர்ச்சொல்லாக 'ஒருமை'யும் பொருந்துகிறது. ஆனால் இலக்கணத்தில் ஒரே மாதிரியான நூறு புழுக்களும் பன்மைதான் என்பதால், மண்ணைப் பற்றிப் பேசும்போது அது போதவில்லை. 'வகை' என்ற சொல் உள்ளே இருந்தாக வேண்டும். ராகிக்கு நடுவே அவரையும் துவரையும் சால்விட்டு விதைக்கும் கிருஷ்ணகிரி மானாவாரிக்காரர் "எத்தனை வகை போட்டிருக்கீங்க?" என்றுதான் கேட்பார், அந்தச் சொல்லைத் தேடி எந்த அகராதிக்கும் போக வேண்டியதில்லை. ஆகவே 'மண்ணுயிர்ப் பல்வகைமை' என்கிறேன். குறளில் வரும் 'மன்னுயிர்' வேறு, அது நிலைபெற்ற உயிர். எழுத்துப்பிழை என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

'பாதுகாத்தல்' என்பதிலும் எனக்கு நிறைவில்லை. வேலி போட்டும் பூட்டு போட்டும் பாதுகாக்கலாம். மண்ணுயிரை அப்படிக் காக்க இயலாது. அதற்குத் தொழுவுரமும் இலைதழையும் இட வேண்டும், மூடாக்குப் போட வேண்டும், உழவைக் குறைக்க வேண்டும், பயிரை மாற்ற வேண்டும். உணவு கொடுத்துப் பேணும் இச்செயலுக்கு 'பல்லுயிர் ஓம்புதல்' என்ற குறளிலேயே சொல் இருக்கிறது. அடுத்த ஆண்டு உலக மண் நாளான டிசம்பர் 5க்குப் பதாகை எழுதுவோர் 'மண்ணுயிர்ப் பல்வகைமையை ஓம்புவோம்' என்று எழுதட்டும். எந்த வகை குறைந்தது, எதை இட்டால் திரும்பும் என்று அந்த விவசாயி கேட்பார்.